மார்கழிப் புயலைக் கொங்கிலிருந்து கவனிப்பது எப்படி: புதிய வானிலை ஆர்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விடும் நாட்களில், வங்கக்கடலின் தென்கிழக்கு மூலையில் ஏதாவது ஒரு சுழற்சி தலைகாட்டுவது பெரும்பாலான ஆண்டுகளில் நடக்கிறது. ஊட்டிக்கும் வேளாங்கண்ணிக்கும் பயணச்சீட்டு எடுத்து வைத்திருப்பவர்கள், காங்கேயம் பக்கம் உலர்களத்தில் தேங்காய்ப் பருப்பைக் காயப்போட்டிருப்பவர்கள், சோளத்தட்டை அறுத்துக் கிடத்திவிட்டுப் போர் போடக் காத்திருப்பவர்கள் என எல்லோரும் அப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "நம்ம பக்கம் மழை உண்டுங்களா?" கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை வானிலை ஆர்வலர்களின் பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. அந்தப் பேச்சில் புதிதாகச் சேருகிறவர்கள், படங்களையும் எண்களையும் பார்த்துத் திகைக்காமல், படிப்படியாகத் தாமே கவனித்துத் தாமே ஒரு முடிவுக்கு வருவதற்கு உதவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் புயல் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி கடற்கரை மாவட்டங்களை மனத்தில் கொண்டது. கடலோரத்தில் இருப்பவருக்குக் காற்றின் வேகமும் கரையைக் கடக்கும் நேரமும் முதன்மையானவை. கோவையிலோ ஈரோட்டிலோ இருப்பவருக்கு அவை இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகின்றன. புயல் எந்தப் பாதையில் வருகிறது, கரையேறியபின் எவ்வளவு மெதுவாக நகர்கிறது, நம் மலைச் சரிவுகளின்மேல் எந்தத் திசைக் காற்றைத் திருப்பிவிடுகிறது ஆகிய மூன்றும்தான் நம் மழையைத் தீர்மானிக்கின்றன. புதிதாக வருகிறவர் முதல் நாளிலேயே இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

முதல் படி: பருவத்தின் போக்கை அறிந்துகொள்ளுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலானது. அக்டோபரிலும் நவம்பர் முற்பகுதியிலும் கொங்கில் பெய்வது பெரும்பாலும் இடிமழை. பகலில் வெயில் காய்ந்து, பிற்பகலில் மேகம் திரண்டு, மாலையிலோ முன்னிரவிலோ கொட்டித் தீர்க்கும். கடலில் எந்தச் சுழற்சியும் இல்லாமலேயே அம்மழை கிடைக்கும். டிசம்பரில் நிலைமை மாறுகிறது. தரையின் சூடு குறைந்து, வடக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கத் தொடங்கிவிடுவதால், கடலிலிருந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து ஈரத்தை உள்ளே தள்ளினாலொழிய நமக்குப் பெருமழை கிடைப்பது அரிது. இதனால்தான் மார்கழியில் ஆர்வலர்களின் கண் முழுவதும் கடலின்மேல் இருக்கிறது.

அதே வறண்ட காற்று புயல்களுக்கும் எதிரி. டிசம்பர் பிற்பகுதியில் உருவாகும் தாழ்வுகள் பெரும்பாலும் தெற்கே, நிலநடுக்கோட்டை ஒட்டியே உருவாகின்றன. வடமேற்கே நகர்ந்து குளிர்ந்த கடற்பரப்பையும் வறண்ட காற்றையும் சந்திக்கும்போது கரைக்கு முன்பே பலமிழப்பவை அவற்றுள் பல. ஆனாலும் அந்த நம்பிக்கையில் அசட்டையாக இருக்கக் கூடாது. தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது 1964 டிசம்பர் 22–23இல். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30இல், அதாவது புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு.

இரண்டாம் படி: பெயர்களின் ஏணி

இந்திய வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகத்தை வைத்து இவற்றைத் தரம் பிரிக்கிறது. மணிக்கு 31 கி.மீ.க்குக் குறைவாக இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 முதல் 88 வரை புயல், 89 முதல் 117 வரை தீவிரப் புயல், அதற்கு மேல் மிகத் தீவிரப் புயல் தொடங்கி மேலே போகும். 62 கி.மீ.யைத் தொட்டால்தான் பெயர் சூட்டப்படும். வட இந்தியப் பெருங்கடலைச் சார்ந்த 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து அப்பெயர் வரிசைப்படி எடுக்கப்படுகிறது.

இந்த ஏணி காற்றை அளக்கிறதே தவிர மழையை அளக்கவில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் தீவிரப் புயலாகி, சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டு, ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. கொங்கு அதன் மழைப்பரப்புக்கு வெளியே இருந்தது. இரண்டே வாரங்களில், பெயரே பெறாத ஒரு மேலடுக்குச் சுழற்சி (தரைக்கு மேலே உயரத்தில் காற்று சுழல்வது) குமரிக்கடல் பக்கம் நின்று தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வரலாறு காணாத மழையைக் கொடுத்தது. டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. பதிவானது. ஆகவே "புயல் பலவீனமாகிவிட்டது" என்ற அறிவிப்பைக் கேட்டவுடன் கவனிப்பதை நிறுத்திவிடாதீர்கள். உள்மாவட்டத்தாரின் கவனம் கூர்மையாக வேண்டிய நேரமே அதுதான்.

மூன்றாம் படி: எந்தப் பாதையில் வந்தால் நமக்கு என்ன கிடைக்கும்

வங்கக்கடலின் வரைபடம் ஒன்றை அச்செடுத்து, ஒவ்வொரு தாழ்வின் மையத்தையும் நாளுக்கு ஒரு புள்ளியாகக் குறித்து வாருங்கள். திரையில் பார்ப்பதைவிடக் கையால் குறிப்பது மனத்தில் தங்கும். நாளடைவில் நான்கு வகைப் பாதைகள் உங்களுக்கே புலப்படும்.

கடலிலேயே வடக்கே திரும்பி ஆந்திரத்துக்கோ ஒடிசாவுக்கோ போகும் தாழ்வு நமக்கு மழை தருவதில்லை. அது நம் பக்கத்து ஈரத்தையும் தன்னிடம் இழுத்துக்கொண்டு, வடமேற்கிலிருந்து வறண்ட காற்றை நமக்கு அனுப்பும். வானம் தெளிந்து, விடியற்காலைக் குளிர் கூடும். பயணம் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறுவது இரண்டாவது வகை. இதில் கரையேறிய பிறகு நடப்பதைத்தான் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே பல மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் நின்று, பிறகு வலுக்குறைந்து மெல்ல மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில், கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. அப்போது அது புயலாகவே இல்லை. தருமபுரி, சேலம், ஏற்காடு வட்டாரத்தில் இருப்பவர்கள் இந்தப் பாதையை எப்போதும் அஞ்சிக் கவனிக்க வேண்டும். கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் இதே பாதையில் கிடைப்பது பெரும்பாலும் கொஞ்சம்தான், அதுவும் வலுக்குறைந்த புயலின் மிச்சம் தென்மேற்காக நகர்ந்தால்.

டெல்டாவில் கரையேறி நேர் மேற்கே வருவது மூன்றாவது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறிய கஜா, திண்டுக்கல் பக்கம் வழியாகக் கேரளம் நோக்கிப் போனது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது. கரூர், தாராபுரம், பழனி, உடுமலை ஆகியவை இந்தப் பாதைக்கு அருகில் இருப்பவை.

நான்காவது வகைதான் மார்கழிக்கு உரியது. கொங்குக்கு நுணுக்கமானதும் இதுதான். தாழ்வு இலங்கையைத் தொட்டோ அதன் தெற்கே சுற்றியோ குமரிக்கடலுக்கு வந்து, அரபிக்கடலுக்குள் போகும். மையம் நம்மைவிட்டு முந்நூறு, நானூறு கி.மீ. தள்ளி இருந்தாலும், அதன் வடபுறத்தில் வீசும் கிழக்குக் காற்று கடல் ஈரத்தைச் சமவெளி முழுவதும் கடத்திக்கொண்டு வந்து மலையில் மோதும். நீலகிரியின் கிழக்குச் சரிவான குன்னூர், கோத்தகிரி, பர்லியாறு பகுதிகளும், ஆனைமலையின் கிழக்கு, வடகிழக்கு முகங்களும் அப்போது மழையைப் பிடித்துக்கொள்ளும். அரபிக்கடலில் பியான் புயல் உருவான 2009 நவம்பரில், தமிழகக் கரையை எந்தப் புயலும் கடக்காமலேயே நீலகிரியில் பேய்மழை பெய்தது. நவம்பர் 10 அன்று கேத்தியில் 82 செ.மீ. பதிவானது. நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தொலைக்காட்சித் திரையில் புயல் சின்னம் ஏதும் நம் கரைப்பக்கம் காட்டப்படாத நாளில்கூட இது நடக்கலாம் என்பதை மலையடிவாரத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆர்வலரும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

மையத்துக்கும் மழைக்கும் உள்ள இடைவெளிக்கு இன்னொரு சான்று 2020 டிசம்பரில் வந்த புரெவி. அது திருகோணமலை அருகே இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் அருகே வலுக்குறைந்து நின்றுவிட்டது. பெருமழையோ வடக்கே சிதம்பரத்திலும் கொள்ளிடத்திலும் பெய்தது.

நான்காம் படி: வாசலில் நின்று காற்றைப் பாருங்கள்

எந்தச் செயலியும் இல்லாமல் செய்யக்கூடிய கவனிப்பு இது. டச்சு வானிலை அறிஞர் பைஸ் பேலட் 1857இல் வெளியிட்ட விதி ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் ஒருவர் காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்தம் அவருடைய இடதுகைப் பக்கம் இருக்கும். தரையோடு உராய்வதால் காற்று சற்று மையத்தை நோக்கித் திரும்புகிறது. எனவே நேர் இடப்பக்கம் என்பதைவிட, இடப்பக்கத்தில் கொஞ்சம் முன்னால் என்று கொள்வது சரி.

இதைக் கொங்குக்குப் பொருத்திப் பாருங்கள். வடக்கிலிருந்து காற்று வந்தால், தாழ்வு நமக்குக் கிழக்கே வங்கக்கடலில் இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்தால், தெற்கே குமரிக்கடல் பக்கம் இருக்கிறது. தெற்கிலிருந்து வந்தால், அது மேற்கே அரபிக்கடலுக்குப் போய்விட்டது. அதாவது காற்று வடக்கிலிருந்து கிழக்காகி, பின் தெற்காக மாறினால் தாழ்வு நம் தென்புறமாகக் கடக்கிறது. வடக்கிலிருந்து மேற்காக மாறினால் அது நம் வடபுறமாகக் கடக்கிறது. முதல் வகை மாற்றத்தில்தான் நீலகிரிக் கிழக்குச் சரிவுக்கும் சமவெளிக்கும் மழை வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு எச்சரிக்கை தேவை. பாலக்காட்டுக் கணவாய் முப்பது, நாற்பது கி.மீ. அகலத்துக்கு மலைத்தொடரைத் திறந்து விட்டிருப்பதால், பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, கோவை பகுதிகளில் தரைக்காற்று கணவாயின் போக்கில் கிழக்கு மேற்காகவே திரும்பிவிடும். மலையடிவார ஊர்களில் இரவில் மலையிலிருந்து இறங்கும் காற்று வேறு குழப்பும். ஆகவே தெருவில் வீசும் காற்றை மட்டும் நம்பாமல், தாழ்வாகப் போகும் மேகத்துண்டுகள் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஒரு மின்கம்பத்தின் உச்சியையோ கோயில் கோபுரத்தையோ அடையாளமாக வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தால் திசை தெரிந்துவிடும். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் குறித்து வைத்தால், மாற்றம் உங்கள் குறிப்பேட்டிலேயே தெரியும்.

ஐந்தாம் படி: காற்றழுத்தத்தை அளக்கும்போது பதறாதீர்கள்

இப்போதைய கைப்பேசிகள் சிலவற்றில் காற்றழுத்தமானி இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் புதியவர் இரண்டு காரணங்களால் அஞ்சுகிறார். முதலாவது, உயரம். கடல்மட்டத்தில் 1012 மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும் நாளில், சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் கருவி 965ஐ ஒட்டியே காட்டும். ஊட்டியில் 780 அளவுக்குப் போய்விடும். செய்தியில் சொல்லும் எண் கடல்மட்டத்துக்குச் சரிசெய்யப்பட்டது. நீங்கள் பார்ப்பது இருக்கும் இடத்தின் அழுத்தம். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

இரண்டாவது, நாளின் ஏற்றஇறக்கம். நம் பகுதியில் அழுத்தம் தினமும் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சத்துக்கு ஏறி, மாலை நான்கு மணியளவிலும் விடியற்காலை நான்கு மணியளவிலும் இறங்கும். பகல் இறக்கம் மூன்று, நான்கு மில்லிபார் வரை இருக்கும். புயலே இல்லாத தெளிந்த நாளிலும் இது நடக்கும். எனவே இன்றைய மாலை நான்கு மணி அளவை நேற்றைய மாலை நான்கு மணி அளவோடு ஒப்பிடுங்கள். ஒரே மணிக்கு எடுத்த அளவுகள் இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் அது பேச வேண்டிய செய்தி.

ஆறாம் படி: மாடல்களைப் படிப்பது

ஆர்வலர்கள் பேச்சில் அடிக்கடி வரும் சொல் மாடல். உலகம் முழுவதும் எடுத்த அளவுகளை உள்ளிட்டு, காற்று மண்டலத்தின் சமன்பாடுகளைக் கணினி தீர்த்துத் தரும் கணிப்பு அது. அதிகம் பேசப்படுவன இரண்டு: ஐரோப்பிய மாடலும், ஜிஎஃப்எஸ் என்னும் அமெரிக்க மாடலும். விண்டி போன்ற தளங்களில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஜிஎஃப்எஸ் நாளுக்கு நான்கு முறை ஓடும். ஐரோப்பிய மாடலின் முழுநீளக் கணிப்பு இரண்டு முறை, அதாவது நம் நேரப்படி காலை 5.30 மணி நிலவரத்தையும் மாலை 5.30 மணி நிலவரத்தையும் தொடக்கமாகக் கொண்டு ஓடும். முடிவுகள் வெளிவரச் சில மணி நேரம் ஆகும். காலை நிலவரத்தின் ஐரோப்பியக் கணிப்பை நண்பகலை ஒட்டித்தான் பார்க்க முடியும்.

ஒரு தாழ்வு ஒன்பது, பத்து நாள் தொலைவில் இருக்கும்போது வரும் படத்தில், சென்னையை நோக்கி ஒரு பெரும்புயல் சிவந்து நிற்கலாம். அடுத்த ஓட்டத்தில் அதுவே பர்மாவுக்குப் போயிருக்கலாம். ஆகவே அந்தத் தொலைவில் மாடல் சொல்வதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று மட்டும்: அந்த வாரத்தில் கடல் சும்மா இருக்காது. ஐந்து நாளுக்குள் வந்தபின் பாதையைப் பற்றிப் பேசலாம், மூன்று நாளுக்குள் வந்தபின் மாவட்டத்தைப் பற்றிப் பேசலாம். எந்த ஊரில் எத்தனை செ.மீ. என்ற பேச்சை முந்தைய நாள்வரைகூடத் தள்ளிப்போடுவது நல்லது.

ஒரே ஓட்டத்தை நம்புவதற்குப் பதிலாகக் குழுக் கணிப்பைப் பார்க்கப் பழகுங்கள். ஐரோப்பிய மையம் தொடக்க நிலவரத்தைச் சிறிது சிறிதாக மாற்றி ஐம்பது கணிப்புகளை ஓட்டுகிறது. அவற்றின் பாதைகளைக் காட்டும் ஐம்பது கோடுகளும் ஒரே கரையை நோக்கி நெருங்கி வந்தால் நம்பிக்கை கூடும். இலங்கையில் தொடங்கி ஆந்திரம் வரை விசிறிக்கிடந்தால், அன்று உறுதியாகப் பேசுகிறவரை நம்ப வேண்டாம்.

கொங்குக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய மாடல் நிலத்தைச் சுமார் 9 கி.மீ. கட்டங்களாகவும் ஜிஎஃப்எஸ் சுமார் 13 கி.மீ. கட்டங்களாகவும் பிரித்துப் பார்க்கிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இரண்டுக்கும் இடையே காகம் பறக்கும் தூரம் 16 கி.மீ. அளவுதான். அந்தச் செங்குத்தான ஏற்றம் முழுவதும் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடுவதால், மாடலின் கண்ணுக்கு மலை ஒரு மெல்லிய மேடாகத் தெரிகிறது. எனவே கிழக்குக் காற்று வலுவாக இருக்கும் நாளில் சரிவில் பெய்யும் மழையை மாடல் குறைத்துக் காட்டலாம். மலைக்கு மறுபக்கமோ உண்மையில் பெய்வதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். பர்லியாற்றுக்கும் குன்னூருக்கும் மாடல் 4 செ.மீ. காட்டினால், கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை கி.மீ. உயரத்தில் வீசும் கிழக்குக் காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். விண்டியில் அதை 850 மில்லிபார் மட்டம் என்று தெரிவு செய்யலாம். அங்கே காற்று வேகமாகவும் கடலிலிருந்து அறுபடாத நீண்ட பட்டையாகவும் வந்தால், மழை எண்ணை மட்டும் வைத்து ஆறுதல் அடைய வேண்டாம்.

ஏழாம் படி: செயற்கைக்கோள், ராடார், அறிவிக்கை

இன்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் அரை மணிக்கு ஒன்றாக வருகின்றன. அகச்சிவப்புப் படத்தில் வெள்ளையாகத் தெரிவது உயரமான, குளிர்ந்த மேக உச்சி. அதன் கீழே கட்டாயம் மழை பெய்கிறது என்று பொருளில்லை. உயரத்தில் பரவிய மெல்லிய மேகமும் வெள்ளையாகத்தான் தெரியும். ஒற்றைப் படத்தைப் பார்க்காமல், ஆறு மணி நேரப் படங்களை வரிசையாக ஓடவிட்டு, மேகம் திரள்கிறதா கலைகிறதா என்று பாருங்கள்.

ராடார் விஷயத்தில் கடலோரத்தார் பெற்ற வசதி நமக்கு இல்லை. காரைக்கால் ராடார் நமக்குத் தொலைவு. கொச்சி ராடாரின் தாழ்ந்த கதிரை மேற்குத்தொடர்ச்சி மலை மறிக்கிறது. கதிர் தொலைவு போகப் போக மேலே எழும்புவதால், தாழ்வாக நகரும் மார்கழி மழை மேகங்கள் அதன் பார்வைக்குத் தப்பிவிடுவதும் உண்டு. ராடாரில் ஒன்றும் இல்லை என்பதற்காக மழையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பல்லடத்தில் இருப்பவரும் சத்தியமங்கலத்தில் இருப்பவரும் "இங்கே தூறுகிறது" என்று சொல்லும் ஒரு வரிக்கு இங்கே அதிக மதிப்பு உண்டு.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிக்கையை ஒவ்வொரு நாளும் முழுமையாகப் படியுங்கள். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை, மஞ்சள் என்றால் கவனித்து வர வேண்டும், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக வேண்டும், சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும். "கனமழை" என்ற சொல்லுக்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. புயலின் பாதையைக் கூம்பாக வரைந்து காட்டும் படத்தில், அந்தக் கூம்பு மையம் போகக்கூடிய பரப்பைத்தான் குறிக்கிறது. கூம்புக்கு வெளியே இருப்பதால் மழை வராது என்று எண்ணுவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு. உழவர்களுக்குக் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் தரும் முன்னறிவிப்பும் பயன்படும்.

எட்டாம் படி: மழைமானி ஒன்று வையுங்கள்

உங்கள் வீட்டு அளவு இல்லாமல் எந்தப் பேச்சும் முழுமையாகாது. கடையில் வாங்க முடியாதவர்கள், வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கும் நேரான பாத்திரத்தை வைத்து, தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் அளக்கலாம். அடி குறுகிய வாளியில் அளந்தால் கணக்கு பிழைக்கும். பாத்திரத்தின் வாய் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சுவர்களும் மரங்களும் தம் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் இருக்கும்படி வையுங்கள். காலை 8.30 மணிக்கு அளந்து, அந்த நாளின் தேதியிலேயே எழுதுங்கள். வானிலை மையம் அப்படித்தான் எழுதுகிறது, ஆகவே ஒப்பிட முடியும். ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். ஒரு செ.மீ. பெய்தால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய நாற்பதாயிரம் லிட்டர் விழுந்திருக்கிறது.

ஒன்பதாம் படி: பேச்சில் கலந்துகொள்ளும்போது

எந்தப் படத்தைப் பகிர்ந்தாலும் எந்த மாடல், எந்த நாளின் எந்த வேளை ஓட்டம், எத்தனை நாள் முன்கணிப்பு என்று சேர்த்து எழுதுங்கள். தேதி இல்லாத படம் அடுத்த நாள் பொய்யாகிவிடும், ஆனாலும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். "இன்றிரவு கோவையில் மேகவெடிப்பு" போன்ற வரி யார் பெயரில் வந்தாலும் அனுப்பாதீர்கள். எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு வானிலை மையத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உரியது. நம்முடைய வேலை அதைப் புரியும்படி எடுத்துச் சொல்வதும், நம் ஊர் அளவைச் சேர்ப்பதும்தான்.

கேட்பவர் யார் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். உலர்களத்தில் பருப்பு காய்கிறவருக்கு இரண்டு மி.மீ. தூறலே இழப்பு. அவருக்கு நாள் முழுவதும் மூட்டமாக இருக்குமா என்பதுதான் தேவையான செய்தி. பவானிசாகர் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாசன விவசாயிக்குச் சமவெளித் தூறல் பொருட்டில்லை. பவானியும் மோயாறும் பிறக்கும் நீலகிரியில் பெய்ததா என்று அவர் கேட்பார். "ஏனுங்க, தட்டு அறுக்கலாமுங்களா?" என்று கேட்கிற பெரியவருக்குப் பத்து நாள் படத்தைக் காட்டுவதில் பயனில்லை. அடுத்த மூன்று நாளைச் சொல்லி, மறுபடியும் நாளை மாலை கேட்கச் சொல்லுங்கள்.

பத்தாம் படி: விடுமுறைப் பயணம் பற்றிக் கேட்டால்

டிசம்பரில் அதிகம் வரும் கேள்வி "ஊட்டி போகலாமா?" என்பதே. ஊட்டியின் வானத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது, போகும் வழியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஏறும் இரண்டு சாலைகளும், மலை ரயில் பாதையும், கிழக்குக் காற்று மோதும் அதே சரிவில்தான் இருக்கின்றன. முந்தைய இரண்டு மூன்று நாட்களில் அச்சரிவில் ஏற்கெனவே நல்ல மழை பெய்திருந்தால், மண் நீரைக் குடித்து ஊறியிருக்கும். அதன்மேல் பெய்யும் ஐந்து செ.மீ., காய்ந்த மண்ணில் பெய்யும் பத்து செ.மீ.யைவிட ஆபத்தாகலாம். அப்படிப்பட்ட நாளில் கிழக்குத் திசைக் காற்று வலுக்கும் என்று அறிவிப்பு இருந்தால், பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். கட்டாயம் போக வேண்டியவரைப் பகல் வெளிச்சத்தில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலைக்கும், எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலைக்கும் இதே அளவுகோல்தான்.

அருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருமூர்த்திமலையின் பஞ்சலிங்க அருவியிலும் கோவைக் குற்றாலத்திலும் கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை திடீரென்று இறங்கும். வனத்துறை தடை விதித்த நாளில் உள்ளே போக வழி தேடுகிறவர்களுக்கு எந்த ஆர்வலரும் துணை போகக் கூடாது. பில்லூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால் மேட்டுப்பாளையத்தில் பவானி ஆறு விரைவாக ஏறும் என்பதையும் ஆற்றங்கரைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவையுங்கள்.

வீட்டிலேயே இருப்பவர்களுக்கும் இடர் உண்டு. 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், மழையில் ஊறிய சுற்றுச்சுவர் வீடுகளின்மேல் சாய்ந்து 17 பேர் இறந்தனர். அன்று கொங்கின்மேல் எந்தப் புயலும் இல்லை. தொடர்மழையில் நனைந்த உயரமான சுவர், பழைய மண்சுவர் ஆகியவற்றின் அருகே படுத்துறங்குகிறவர்களை வேறிடத்துக்கு மாறச் சொல்லும் செய்தியை, மாடல் படங்களுக்கு முன்னால் பகிருங்கள். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.

தாழ்வு அரபிக்கடலுக்குள் போய், காற்று மீண்டும் வடக்கிலிருந்து வறண்டு வீசத் தொடங்கியபின், ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்கள் குறிப்பேட்டை நிரப்புங்கள். ஐந்து நாள் முன்பு மாடல்கள் என்ன சொல்லின, மூன்று நாள் முன்பு என்ன சொல்லின, மையம் உண்மையில் எங்கே கடந்தது, உங்கள் வாசலில் காற்று எந்த வரிசையில் திரும்பியது, உங்கள் மழைமானியும் பக்கத்து ஊர்களின் மானிகளும் என்ன காட்டின என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மாடல் படங்களையும் தேதியோடு சேமித்து வையுங்கள், சில நாட்களில் அவை தளங்களிலிருந்து மறைந்துவிடும். அடுத்த மார்கழியில் இதே பாதையில் இன்னொரு தாழ்வு வரும்போது, முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.